சிறிய வனவிலங்குப் பூங்காவில் அரிய பறவைகளையும் பாலூட்டிகளையும் பார்ப்பது எப்படி?

பெரிய உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர் யானை, புலி, ஒட்டகச்சிவிங்கி என்று மனத்தில் ஒரு பட்டியலோடு போகிறார். பட்டியல் முடிந்ததும் அவருக்குப் பூங்காவும் முடிந்துவிடுகிறது. அதே பழக்கத்தோடு, சில ஏக்கர் பரப்பே கொண்ட ஒரு சிறிய வனவிலங்குப் பூங்காவுக்குள் நுழைந்தால், முக்கால் மணி நேரத்தில் சுற்றி முடித்து, பாதிக் கூண்டுகள் காலியாகக் கிடக்கின்றன என்ற மனக்குறையோடு திரும்ப வேண்டியிருக்கும். நான் முதன்முறை போனபோது அப்படித்தான் திரும்பினேன். அடுத்த முறை, கதவு திறக்கும் நேரத்துக்கே போய், காலி என்று நான் முடிவு கட்டியிருந்த ஓர் அடைப்பின் முன்னால் கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். காய்ந்த இலைக்குவியலின் ஒரு பகுதி என்றே நான் எண்ணியிருந்த ஒன்று மெல்ல மூக்கை அசைத்தது. முயலைவிடச் சற்றே பெரிய சருகுமான் அது. விலாவில் வெள்ளைப் புள்ளிகள் வரிவரியாக ஓட, பென்சில் போன்ற கால்களை மடித்து உட்கார்ந்தபடி, நான் வந்து நின்ற நொடியிலிருந்தே அது என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது. சிறிய பூங்காவை நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே அப்படி நின்று பார்ப்பதற்கான வழிகள்தாம்.

போவதற்கு முன்

முதலில், நீங்கள் போக நினைக்கும் இடம் எத்தகையது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். சிறியது என்பதாலேயே ஓரிடம் நல்லதாகிவிடாது. சிறியது என்பதாலேயே மட்டமானதும் ஆகிவிடாது. உயிரியல் பூங்காக்களின் சங்கம் ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறதா, தன்னிடமுள்ள இனங்களுக்கான இனப்பெருக்கத் திட்டங்களில் பங்கேற்கிறதா, அவற்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறதா என்று பாருங்கள். குட்டிகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், குரங்கைத் தோளில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள். இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்லோ லோரிஸ் என்னும் தேவாங்கு வகையைக் கூசச் செய்ததும் அது இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவதைக் காட்டும் காணொளிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது மகிழ்ச்சியில் தூக்கும் கை அன்று. அந்த விலங்கின் மேற்கையில் ஒரு சுரப்பி இருக்கிறது; அதிலிருந்து கசியும் நீர் எச்சிலோடு கலக்கும்போது நஞ்சாகிறது. கைகளைத் தூக்குவது அந்தச் சுரப்பியை வாய்க்கு அருகே கொண்டுவருவதற்காக, அதாவது தன்னைக் காத்துக்கொள்ளக் கடிப்பதற்கு ஆயத்தமாவதற்காக. அச்சத்தைக் கொஞ்சலாகக் காட்டி விற்கும் இடத்துக்கு நம் நுழைவுக் கட்டணம் போய்ச் சேரக் கூடாது.

அடுத்தது நேரம். வார நாளில் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். பாலூட்டிகளில் பல விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். சிவப்புப் பாண்டாவை நண்பகலில் பார்க்கப் போனால், கிளையில் வால் சுற்றிய ஓர் உருண்டையைத்தான் பார்ப்பீர்கள். கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்குகள் இணையாகச் சேர்ந்து பாடுவதும், கொக்கு இனங்களில் ஆணும் பெண்ணும் கழுத்தை உயர்த்தி மாறி மாறிக் குரல் எழுப்புவதும் பெரும்பாலும் காலையில்தான். வெயில் ஏறிய பின் வருகிறவர்களுக்கு அந்த ஒலிகள் கிடைப்பதே இல்லை. நண்பகலில் பூங்காவின் நடமாட்டம் அடங்கிவிடும்; அந்த நேரத்தை இரவாடிகளின் அரங்குக்கு ஒதுக்கலாம், அல்லது ஓய்வெடுக்கலாம். பிறகு மாலையில், காலையில் போன அதே பாதையை எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். காலையில் உறங்கியது இப்போது விழித்திருக்கும். காலையில் வெயில் பட்டு மின்னிய வலை இப்போது நிழலில் இருந்து, உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்டும்.

கையோடு கொண்டுபோக அதிகம் தேவையில்லை. பைனாகுலர் அவசியம். பத்தடி தொலைவிலிருக்கும் பறவைக்குப் பைனாகுலர் எதற்கு என்று கேட்பவர்கள், ஒருமுறை அதன் வழியாக ஓர் இருவாச்சியின் கண்ணிமை மயிரைப் பார்த்துவிட்டால் மறுபடி கேட்க மாட்டார்கள். 8×32 அல்லது 8×42 அளவுள்ளதே போதும். ஆனால் 2 மீட்டர் தொலைவு வரை குவியம் கொள்ளக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனெனில் சிறிய பூங்காவில் தொலைவில் இருப்பவற்றைவிட மிக அருகில் இருப்பவைதாம் அதிகம். மங்கிய நிறத்தில் ஆடை, ஓசை எழுப்பாத காலணி, ஒரு சிறு குறிப்பேடு, பென்சில். இவை போதும்.

பலகையைப் படித்தல்

பெரும்பாலோர் தகவல் பலகையில் பெயரை மட்டும் படித்துவிட்டு நகர்கிறார்கள். அந்த இனத்தின் வாழ்வும் சாவும் அதற்குக் கீழேதான் எழுதப்பட்டிருக்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் வெளியிடும், அழியும் ஆபத்தை அளவிடும் சிவப்புப் பட்டியலில் அந்த இனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ‘காட்டில் அற்றுப்போனது’ என்றிருந்தால், கம்பிக்கு அப்பால் நிற்கும் அந்த உயிர் உலகில் மனிதப் பராமரிப்பில் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

சொகோரோ புறா அத்தகைய ஒன்று. மெக்சிகோவுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு தீவில் மட்டும் வாழ்ந்த அந்தப் பறவை, 1972க்குப் பிறகு அங்கே காணப்படவில்லை. வளர்ப்பில் இருந்த சில பறவைகளின் வழித்தோன்றல்களே இன்று மிஞ்சியிருப்பவை. பார்ப்பதற்கு அது பழுப்பு நிறத்தில் எளிமையாக இருக்கும் ஒரு சாதாரணப் புறா. வண்ணக்கிளிகள் இருக்கும் கூண்டைத் தேடி விரைகிறவர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே நான் யாருக்கும் முதலில் சொல்லும் அறிவுரை, நிறம் மங்கிய பறவைகளின் முன்னால் வேண்டுமென்றே நில்லுங்கள் என்பதுதான். பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவின் கானாங்கோழியும் அப்படிக் கண்ணை ஈர்க்காத பறவைதான். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மரப்பாம்பு அத்தீவின் பறவைகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்று தீர்த்தபோது, எஞ்சியவற்றைப் பிடித்து வளர்ப்பில் வைத்துக் காப்பாற்றினார்கள். பாம்பில்லாத அண்டைத் தீவுகளில் விடப்பட்ட பிறகு, 2019இல் அது ‘காட்டில் அற்றுப்போனது’ என்ற நிலையிலிருந்து மீண்டது. மொரீசியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990ஆம் ஆண்டளவில் காட்டில் பத்தளவுக்குக் குறைந்து போயிருந்தது. இயற்கையியலாளரும் எழுத்தாளருமான ஜெரால்டு டரல் 1959இல் ஜெர்சி தீவில் தொடங்கிய சிறிய விலங்குக்காட்சியகம் அந்த மீட்பில் பெரும் பங்கு கொண்டது. இன்று அந்தப் புறா நூற்றுக்கணக்கில் பறக்கிறது. சிறிய பூங்காவால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் புறாவைச் சொல்வேன்.

சில பூங்காக்களில் பலகையிலோ காப்பாளரின் கதவில் ஒட்டிய தாளிலோ ‘2.1.3’ என்பது போன்ற எண்களைக் காணலாம். இது உலகெங்கும் விலங்குக்காட்சியகங்களில் வழங்கும் குறியீடு. முதல் எண் ஆண், இரண்டாவது பெண், மூன்றாவது பாலினம் இன்னும் தெரியாதவை. இரண்டு ஆண், ஒரு பெண், மூன்று குஞ்சுகள் என்று இதைப் படித்துக்கொள்ளலாம். மூன்றாவது இடத்தில் ஓர் எண் இருந்தால் பெரும்பாலும் உள்ளே குஞ்சோ குட்டியோ இருக்கிறது. அந்த அடைப்பின் முன்னால் இன்னும் பொறுமையாக நிற்பது நல்லது.

இனப்பெருக்கத் திட்டங்களில் உள்ள பல இனங்களுக்கு, இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு பரம்பரைப் பதிவேடு இருக்கிறது. எந்த விலங்கு எதற்குப் பிறந்தது, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். காட்டு விலங்கு ஒன்றுக்காக வெளியான முதல் பதிவேடு ஐரோப்பியக் காட்டெருமையினுடையது. அது 1932இல் வந்தது. அந்தக் காட்டெருமைகளில் கடைசியாகக் காட்டில் இருந்தவை 1927இல் கொல்லப்பட்டுவிட்டன. இன்று உலகில் உள்ள அத்தனையும் 12 விலங்குகளின் வழிவந்தவை. ஆகவே நீங்கள் பார்க்கும் விலங்கு திடீரென ஒரு நாள் வேறு பூங்காவுக்கு மாற்றப்பட்டிருந்தால் வருந்தாதீர்கள். நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகாமல் இருக்க, இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் இணைகளை மாற்றுகிறார்கள்.

பறவைக்கூடத்தின் உள்ளே

உள்ளே நடந்து செல்லக்கூடிய பறவைக்கூடங்களுக்கு இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவு முழுவதும் மூடிய பின்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். குழந்தைகளோடு செல்லும்போது, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்று எல்லாரும் இடைவழிக்குள் வந்த பிறகு திறப்பது பாதுகாப்பானது. கிருமிநாசினியில் நனைத்த மிதியடி வைத்திருந்தால் அதைத் தாண்டிக் குதிக்காமல் இரண்டு கால்களையும் நன்றாகப் பதித்துச் செல்லுங்கள். வீட்டில் கோழியோ வாத்தோ வளர்ப்பவர்கள் வேறு காலணியும் துவைத்த உடையும் அணிந்து வருவது கட்டாயம். ஒரு காலணியின் அடியில் ஒட்டிவரும் எச்சம் பறவைக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும். உலகில் சில நூறே எஞ்சியிருக்கும் ஓர் இனத்தின் கூட்டில் அதனால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வழியே இல்லை. காய்ச்சல் பரவும் காலத்தில் பறவைக்கூடத்தை மூடிவைத்திருந்தால், வாசலில் வாதிடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் ஓரமாக ஓரிடத்தில் நின்றுவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. உங்களைக் கண்டு ஒதுங்கியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வர அவ்வளவு நேரமாகும். பறவையைத் தேடாமல் அசைவைத் தேடுங்கள். தரையில் சருகு புரளும் ஒலி, மேலே விழும் பழத்தோல், ஒரு கிளை மட்டும் ஆடுவது இவையெல்லாம் கண்ணைவிட முன்னதாகச் செய்தி சொல்லும்.

இருவாச்சிகள் கூடு கட்டும் பருவமாக இருந்தால், அந்த ஓர் அடைப்புக்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சமும் உணவு மிச்சமும் கொண்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். முட்டையிட்டு அடைகாக்கும் காலமெல்லாம் அதற்கு உணவு அந்தப் பிளவு வழியாகத்தான். ஆண் வந்து பொந்தின் விளிம்பில் கால் பதித்து, தலையை ஒருமுறை உதறும். தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழம் மேலேறி அலகின் நுனிக்கு வரும். அவ்வளவு பெரிய அலகின் நுனியில் பழம் நசுங்காமல் நிற்கும். உள்ளிருந்து இன்னோர் அலகு நீண்டு அதை வாங்கும். மறுபடி ஓர் உதறல், மறுபடி ஒரு பழம். ஒரே வருகையில் இப்படி எத்தனை என்று நான் எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் காலத்தில் அந்த அடைப்பின் அருகே உரத்துப் பேசுவதும் கம்பியைத் தட்டுவதும் பெருந்தீங்கு. ஆண் மிரண்டு வராமல் போனால் உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும்.

உணவு கொடுக்கக் கூடாது என்ற பலகை எல்லாப் பூங்காவிலும் இருக்கிறது. ஏன் என்பதுதான் எழுதப்படுவதில்லை. இருவாச்சி, டூக்கான், மைனா ஆகிய பறவைகளின் உடல் இரும்புச்சத்தை அளவுக்கு மீறிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. உயிர்ச்சத்து சி நிறைந்த பழங்கள் அந்த இரும்பு உறிஞ்சப்படுவதை மேலும் கூட்டுகின்றன. அன்போடு நீட்டும் ஓர் ஆரஞ்சுச் சுளை அந்தப் பறவையின் ஈரலுக்குக் கேடாக முடியலாம். குளத்தில் காசு போடுவதும் அப்படித்தான். நாணயத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் துத்தநாக நஞ்சால் இறக்கின்றன. மனிதருக்கு வரும் சளியும் காய்ச்சலும் குரங்குகளுக்கும் தொற்றும். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் சாதாரண வைரஸ் மார்மோசெட் குரங்கைக் கொன்றுவிடும். உடல் நலமில்லாத நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இரவாடிகளின் அரங்கு

இரவில் விழிக்கும் விலங்குகளுக்கு, பகலில் இருளும் இரவில் வெளிச்சமும் தந்து, நாளையே தலைகீழாக மாற்றிவைத்திருப்பார்கள். நாம் செய்யும் தவறு, வெளிவெயிலிலிருந்து நேரே உள்ளே போய், ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டு நிமிடத்தில் வெளியேறுவது. மனிதக் கண் இருளுக்குப் பழகுவதற்கு இருபது நிமிடமாவது வேண்டும். கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். அதன் திரையை ஒருமுறை பார்த்தாலே அதுவரை பழகியது வீணாகிவிடும், மற்றவர்களின் கண்ணும் கெடும். தேவாங்கைத் தேடும்போது ஒரு கிளையைத் தேர்ந்துகொண்டு, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகக் கண்ணை ஓட்டுங்கள். பட்டையின் முடிச்சு போலிருக்கும் ஒன்று, கடிகார முள்ளின் வேகத்தில் ஒரு கையை எடுத்து முன்னால் வைக்கும். அதைக் கண்டுவிட்டால் பிறகு அரங்கு முழுவதும் உயிரோடு தெரியும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். பிண்டுராங் என்னும், புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிய மரவாழ் விலங்கின் அடைப்பை நெருங்கும்போது, பொரித்த மக்காச்சோளத்தின் மணம் வரும். யாரோ தின்பண்டம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். சோளப்பொரிக்கும் மணமுள்ள அரிசிக்கும் வாசனை தரும் அதே வேதிப்பொருள் அதன் சிறுநீரில் இருக்கிறது. மணம் வந்தால், விலங்கு எங்கேயோ தலைக்கு மேலே படுத்திருக்கிறது.

படம் எடுப்பவர்களுக்கு

ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். வலைக்கு மிக அருகில் லென்ஸை வைத்து, லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்து, நீண்ட குவியத்தில், வலையிலிருந்து விலகி நிற்கும் பறவையைக் குறிவைத்தால் கம்பி மறைந்துவிடும். வலையின் நிழல் விழுந்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வெயில் பட்ட கம்பி எந்த லென்ஸாலும் மறையாது. கண்ணாடிச் சுவராக இருந்தால் லென்ஸின் விளிம்பை அதன்மீது ஒட்டி, கறுப்புத் துணியால் சுற்றி மறையுங்கள். ஒரு மணி நேரம் படம் எடுத்தால், அடுத்த ஒரு மணி நேரமாவது கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள்.

மனத்தை உறுத்தும் காட்சிகள்

ஒரு விலங்கு ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதையோ, ஒரு கிளி தன் மார்பின் இறகுகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பதையோ பார்க்க நேரலாம். உடனே பூங்காவைக் குற்றம் சாட்டவும் வேண்டாம், கண்டும் காணாமல் போகவும் வேண்டாம். உணவு வேளைக்குச் சற்று முன் கதவருகே நடைபோடுவது எதிர்பார்ப்பினால் இருக்கலாம். தனியாரிடமிருந்து மீட்கப்பட்ட கிளி, பழைய நோயை இங்கே கொண்டுவந்திருக்கலாம். மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி வந்து பாருங்கள். அப்போதும் அதே நிலை என்றால் காப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள். நல்ல பூங்காவில் அந்த விலங்கின் கதை முழுவதையும் சொல்வார்கள். என்னென்ன முயன்றார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் மறைக்க மாட்டார்கள். மழுப்பலான பதிலையே நான் மோசமான அறிகுறியாகக் கொள்கிறேன். விலங்கு மறைந்துகொள்ள இடமிருக்கிறதா, ஏற உயரம் இருக்கிறதா, தோண்ட மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்வையாளருக்குக் காலியாகத் தோன்றும் அடைப்பு, பெரும்பாலும் உள்ளே இருப்பதற்கு நல்ல வீடு.

காப்பாளரோடு பேசுதல்

சிறிய பூங்காவின் ஆகப் பெரிய வசதி, அங்கே வேலை செய்பவர்களோடு பேச முடிவதுதான். வாளியோடு விரைந்து போகிறவரை நிறுத்தாதீர்கள். உணவு வைத்து முடித்து வெளியே வருகிறவரிடம் கேளுங்கள். ‘இது என்ன பறவை?’ என்பதற்குப் பலகையே பதில் சொல்லும். ‘இங்கே இருப்பவற்றில் யாரும் நின்று பார்க்காத விலங்கு எது?’ என்று நான் எப்போதும் கேட்பேன். அந்தக் கேள்விக்கு முகம் மலராத காப்பாளரை இதுவரை நான் கண்டதில்லை.

நீங்கள் பார்த்ததை அவர்களிடம் சொல்லவும் தயங்காதீர்கள். ஒரு காலையில் பாலி மைனா இணையின் முன்னால் நின்றிருந்தேன். வெண்பட்டு போன்ற உடலும் கண்ணைச் சுற்றி நீலத் தோலும் கொண்ட அந்தப் பறவை, இந்தோனேசியாவின் பாலி தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் காலில் இட்ட வண்ண வளையங்களைக் கொண்டுதான் பிரித்தறிவார்கள். இரண்டில் ஒன்று, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கூட்டுப்பெட்டிக்குள் நுழைந்து, அலகு காலியாக வெளியே வந்தது. பத்து நிமிடத்தில் மூன்று முறை. மாலையில் காப்பாளரிடம் அதைச் சொன்னபோது, அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எந்தக் காலில் எந்த நிற வளையம் என்று பார்த்தீர்களா?” வலது கால், பச்சை, 9.20 மணி என்று என் குறிப்பேட்டில் இருந்தது. அவர் அதை அப்படியே அன்றைய பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.